வலது முன்கை

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பெயின்ட் கடைக்கு மேலே எங்கள் கிளினிக்.
ஜன்னலைத் திறந்தால் தின்னர் வாசனை.
மூடினால், ‘பாறசாலை, நெய்யாற்றங்கரை’ என்று
கண்டக்டர் கத்துவது கொஞ்சம் குறையும்.

இங்கே வலிக்குப் பெயர் அதிகம்.
எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள் ‘வேதன’ என்றார்.
கரூரிலிருந்து வந்த நான்
அவர் மனசைத் தேடிக்கொண்டிருந்தேன்;
அவர் முட்டியைக் காட்டினார்.
அருமனைக்காரர்களுக்கோ
கடுப்பு வேறு, குத்து வேறு, விறையல் வேறு.
ரோஸ்லெட்டுக்கு உளைச்சல்.
வலது முழங்கைக்கு வெளியே,
சாவி திருப்பும்போது, சோறு வடிக்கும்போது,
முக்கியமாய் நானூறு மரத்தில்
முந்நூறாவதைத் தாண்டும்போது.

ரப்பர் வெட்டுகிறவள்.
ராத்திரி இரண்டு மணிக்கு
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மேடேறுகிறவள்.

என்னிடம் ஸ்டீல் கருவிகள் ஐந்து.
முன்கைக்கு எடுப்பது இரண்டாவது சின்னது,
வாழைப்பூ மடல் போல வளைந்தது.
களிம்பு தடவி, நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து
மணிக்கட்டிலிருந்து மேலே இழுத்தால்
வழுக்கிக்கொண்டே வரும், வரும்,
ஓரிடத்தில் கர்ர் என்னும்.
காதுக்குக் கேட்காது, கைப்பிடிக்குக் கேட்கும்,
சோற்றில் கிடக்கும் மணல்
பல்லுக்குத் தெரிவது போல.

‘எங்க கத்தியக் காட்டிலும் மொட்டையா இருக்கே டாக்டரே,
இது என்னத்த வெட்டும்?’
வெட்டாது, கிளறும் என்றேன்.
‘ஆழம் போனா மரம் புண்ணாயிரும்.
சூப்பர்வைசர் ஏசுவாரு.’
நான் டாக்டர் இல்லை என்று
மூன்று தரம் சொல்லியாயிற்று.

முடிந்ததும் தோல் சிவக்கும்.
சிலருக்குச் செம்புள்ளி எழும்,
இரண்டு மூன்று நாளில் போய்விடும்.
எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்:
யாராவது பார்த்துக் கேட்டால்
தெரபி செய்தது என்று சொல்லுங்கள்.

சொன்னாளாம்.
பால் அளக்கிற இடத்தில், சர்ச்சில், மகளிர் குழுவில்.
‘டாக்டரு இரும்ப வச்சு சுரண்டினது.’
எல்லோரும் நம்பினார்களாம். சிரித்தாள்.

ஐந்தாவது முறை வந்தபோது
அவள் பிடியின் பலம்
பன்னிரண்டு கிலோவிலிருந்து பதினெட்டு ஆகியிருந்தது.
எனக்குச் சந்தோஷம். மீட்டரை அவளுக்கே காட்டினேன்.
எட்டிப் பார்க்கக் குனிந்தாள்,
சேலைத் தலைப்பு நழுவியது.

இடது மேற்கையில் நான்கு.
பக்கத்தில் பக்கத்தில், நீள்வட்டமாய்.
உள்பக்கம் ஐந்தாவது, கொஞ்சம் பெரியது.
நீலம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

என் கருவியின் சிவப்பு கோடு கோடாய் நீளும்,
தசை ஓடும் வழியே ஓடும்.
எங்கும் நின்று பிடிக்காது.
அதற்குக் கட்டைவிரல் கிடையாது.

‘இதையும் தெரபி என்றா சொன்னீர்கள்?’

கீழே ஒரு பஸ் பின்னால் எடுத்தது.
விசில், விசில், இன்னும் ஒரு விசில்.
அது நின்ற பிறகு சொன்னாள்:
‘ஒங்க பேரச் சொன்னா
ஒருத்தரும் மேல கேக்க மாட்டாவ.’

ஸ்டீல் என் கையில் சூடாகிப் போயிருந்தது.
தட்டில் வைத்தேன். அது போட்ட சத்தம்
எனக்கே அதிகமாக இருந்தது.

கேஸ் ஷீட்டை வழக்கமாய் ஆங்கிலத்தில் எழுதுவேன்.
அன்று அவள் பார்க்கத் தமிழில் எழுதினேன்.
வலது முன்கை: சிவப்பு, சிகிச்சையால்.
இடது மேற்கை: ஐந்து தடங்கள். என் சிகிச்சையால் அல்ல.
தேதி. கையெழுத்து. சீல்.

உதட்டை அசைத்து இரண்டு தரம் படித்தாள்.
‘அல்ல’ என்ற இடத்தில் விரலை வைத்திருந்தாள்.

‘கீழ ஜெராக்ஸ் எடுக்க எவ்வளவு?’
‘இரண்டு ரூபாய்.’

தலையாட்டினாள்.
தாளை நான்காய் மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
வலது கையை நீட்டினாள்.
இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது.
முழங்கைக்கு ஓர் அங்குலம் கீழே
மணலும்.